இணைய வளங்களுக்கான மீதரவுச் சொற்றொகுதி: எத்தனை கூறுகள், எவருடைய சொற்கள்?

கரைவழி (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் பழைய தமிழ் அச்சுநூல்களின் ஸ்கேன் படிகள், நாட்டுப்புறப் பாடல்களின் ஒலிப்பதிவுகள், ஊர் வரலாற்றுக் கட்டுரைகள் ஆகியவற்றுக்குப் பொதுவான பட்டியல் ஒன்றை நாங்கள் ஆறு பேர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். கோப்புகளை நாங்கள் சேமித்து வைக்கப்போவதில்லை. ஒரு வளம் எங்கே இருக்கிறது, அது என்ன, யாருடையது, எக்காலத்தது என்ற விவரங்களை மட்டுமே தொகுக்கிறோம்.

இதற்காக, ஒரு வளத்தைப் பற்றிய விவரங்களை, அதாவது மீதரவை, எழுதுவதற்கென 41 கூறுகள் கொண்ட ஒரு சொற்றொகுதியை வரைந்தோம். நூலாசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர், சாற்றுக்கவி அளித்தவர், அச்சுக்கூடம், அச்சுக்கூடம் இருந்த தெரு, பொருளுதவி செய்தவர் என்று நுணுக்கமாகப் பிரித்திருந்தோம். சோதனையாகப் பதிவுகளை இடத் தொடங்கியபோது பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே நின்றன. அதைவிடக் கவலை தந்தது வேறொன்று. ஒரே நூலுக்கு இருவர் தனித்தனியே பதிவு செய்தபோது, ஒரே தகவலை இருவரும் வெவ்வேறு கட்டங்களில் இட்டிருந்தார்கள். இந்த 41-ஐத் திருத்திக்கொண்டு தொடர்வதா, இணைய வளங்களை விவரிக்கப் பரவலாக வழங்கும் டப்ளின் கோர் என்ற சொற்றொகுதியின் 15 கூறுகளை அப்படியே ஏற்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இங்கே வந்திருக்கிறேன். இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஏட்டுப்பட்டியலர்

வணக்கம் கரைவழி. நூலகப் பட்டியலாக்கத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன். அந்த 15 எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் உங்கள் முடிவு எளிதாகும்.

1995 மார்ச்சில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில், ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டமைப்பும் என்சிஎஸ்ஏ என்ற கணிப்பு மையமும் சேர்ந்து ஒரு பட்டறையை நடத்தின. நூலகர்கள், கணினி அறிஞர்கள், உரைக்குறியீட்டு வல்லுநர்கள் என 52 பேர் கூடினார்கள். அயர்லாந்தின் தலைநகருக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. நூலகங்களில் அப்போது வழங்கிய மார்க் பதிவுமுறை மிக விரிவானது. அதை நிரப்பப் பயிற்சி பெற்ற பட்டியலர் வேண்டும். மறுபுறம், வலைப்பக்கங்களோ நாள்தோறும் பெருகிக்கொண்டிருந்தன. ஆகவே, பயிற்சியே இல்லாத ஒருவர், தாம் எழுதிய பக்கத்தைப் பற்றித் தாமே தயக்கமின்றி நிரப்பக்கூடிய கூறுகள் எவை என்பதே அங்கே அவர்கள் முன் இருந்த கேள்வி.

அன்று முடிவானவை 13 கூறுகள். அந்தப் பட்டியலில் ‘நூலாசிரியர்’ என்றொரு கூறும் ‘பிற பங்காளர்’ என்றொரு கூறும் இருந்தன. 1996-இல் ஒளிப்படங்களை விவரிப்பது பற்றிய பட்டறை ஒன்று நடந்தது. அதை ஒட்டி ‘விவரணம்’, ‘உரிமைகள்’ என்ற இரண்டும் சேர்ந்து 15 ஆயின. படம் தன்னைப் பற்றித் தானே சொல்லாது என்பதால் விவரணம் தேவைப்பட்டது. அந்த ஆண்டுகளிலேயே ‘நூலாசிரியர்’ என்பது ‘உருவாக்குநர்’ என்று மாறியது. ஒரு படத்துக்கோ தரவுத்தொகுப்புக்கோ நூலாசிரியர் என்று ஒருவர் இருக்க முடியாதல்லவா? ‘பிற பங்காளர்’ என்பது வெறும் ‘பங்களிப்பாளர்’ ஆயிற்று. 1998-இல் இந்தப் பதினைந்தும் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவண வரிசையில் 2413 என்ற எண்ணோடு வெளிவந்தன. 2003-இல் ஐஎஸ்ஓ 15836 என்ற பன்னாட்டுத் தரமாயின.

உங்கள் 41-க்கும் அந்த 15-க்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிக்கையில் தேடாதீர்கள். அவர்கள் எந்தக் கூற்றையும் கட்டாயமாக்கவில்லை. எதையும் எத்தனை முறையும் திரும்ப இடலாம் என்றார்கள். ஆகவே காலியான கட்டம் என்பதே அங்கே இல்லை. தெரிந்ததைச் சொல், தெரியாததை விட்டுவிடு என்ற அந்த இரண்டு விதிகளையும் நீங்கள் எடுத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தரவுத்தறி

ஐயா சொன்ன வரலாற்றில் மறுப்பில்லை. ஆனால் அந்த 15-ஐ வைத்துக்கொண்டு தேடல் நிரல் எழுதிய எனக்கு அதன் மறுபக்கமும் தெரியும். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், பல எண்ணிம நூலகங்களின் பதிவுகளைத் திரட்டும் வேலை எனக்குத் தரப்பட்டது. பதிவுகளைத் திரட்டுவதற்கான ஓஏஐ நெறிமுறைப்படி ஒவ்வொரு நூலகமும் எளிய டப்ளின் கோர் வடிவிலாவது பதிவைத் தந்தே ஆக வேண்டும். ஒரு பதிவில் ‘நாள்’ என்ற கூறு மூன்று முறை வந்தது: 1912, 2009, 2014-06-03. முதலாவது நூல் அச்சான ஆண்டு, இரண்டாவது ஸ்கேன் செய்த ஆண்டு, மூன்றாவது தளத்தில் ஏற்றிய நாள் என்று நாம் ஊகிக்கலாம். நிரலால் எப்படி ஊகிக்க முடியும்? 1912-ஆம் ஆண்டு நூல்களைத் தேடிய வாசகருக்கு அந்த நூல் 2009-இன் கீழ் போய் நின்றது. நூலகத்தார் தவறாக எதையும் எழுதவில்லை. எந்த நாள் என்று சொல்ல அந்தக் கூற்றில் இடமில்லை, அவ்வளவுதான்.

‘பரப்பு’ என்ற கூற்றிலும் இதே குறை உண்டு. ஒரு வளம் பேசும் இடத்தையும் காலத்தையும் ஒரே கூற்றில் அடைத்துவிட்டார்கள். ‘மதுரை’ என்றும் வரும், ‘நாயக்கர் காலம்’ என்றும் வரும்.

1997-இல் கான்பராவில் நடந்த பட்டறையிலேயே இது பெரிய விவாதமானது. எளிமை கெடாமல் 15-ஐ அப்படியே விடவேண்டும் என்றவர்கள் ஒரு பக்கம், பொருளைக் கூர்மையாக்கும் தகுதிச்சொற்கள் வேண்டும் என்றவர்கள் மறுபக்கம். நான் இரண்டாவது பக்கத்தைச் சேர்ந்தவன். 2000-இல் தகுதிச்சொற்கள் முறையாக வெளியிடப்பட்டபோது நாள் என்பது ‘உருவான நாள்’, ‘வெளியான நாள்’, ‘மாற்றிய நாள்’ என்றெல்லாம் பிரிந்தது. பரப்பு என்பது இடமாகவும் காலமாகவும் பிரிந்தது. உங்கள் 41-ஐ முற்றிலும் கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

கரைவழி

இருவருக்கும் நன்றி. எங்களைத் தடுமாற வைத்த பதிவு ஒன்றை அப்படியே தருகிறேன். ஒரு தலவரலாற்று நூலின் ஸ்கேன் படி அது. முகப்பில் இன்னார் இயற்றியது, இன்னாரால் பார்வையிடப்பட்டது, இன்னாருடைய அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்று மூன்று பெயர்கள் உள்ளன. கீழே ‘பரிதாபி வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கிறது. எங்கள் பதிவில் இருந்தவை இவை:

உருவாக்குநர்: (ஸ்கேன் செய்த தன்னார்வலரின் பெயர்)
வெளியீட்டாளர்: (ஸ்கேன் படி இருக்கும் வலைத்தளத்தின் பெயர்)
நாள்: பரிதாபி ஆவணி
நாள்: 12-05-2011
வடிவம்: பிடிஎஃப், 64 பக்கம்

நூலை இயற்றியவரின் பெயர் விவரணத்துக்குள் ஒரு வாக்கியமாகப் புதைந்து கிடந்தது. பதிவை இட்டவர் எங்களில் மிகக் கவனமானவர். வலையில் இருக்கும் கோப்பை உருவாக்கியவர் ஸ்கேன் செய்தவர்தானே என்று அவர் கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏட்டுப்பட்டியலர்

அவர் கேட்டது நல்ல கேள்வி. டப்ளின் கோர் சமூகத்தில் இதற்கு ‘ஒன்றுக்கு ஒன்று’ என்ற கொள்கை உண்டு. ஒரு பதிவு ஒரே ஒரு பொருளை விவரிக்க வேண்டும். அச்சுநூல் ஒரு பொருள். அதன் ஸ்கேன் படி இன்னொரு பொருள். நீங்கள் காட்டிய பதிவில் இரண்டும் கலந்துவிட்டன. பரிதாபி ஆவணி நூலுக்குரியது, 2011 கோப்புக்குரியது, உருவாக்குநரும் வெளியீட்டாளரும் கோப்பைச் சார்ந்து நிற்கிறார்கள். பக்க எண்ணிக்கையோ இரண்டுக்கும் பொருந்துகிறது.

கொள்கைப்படி நடந்தால் இரண்டு பதிவுகள் எழுதி, ‘இதன் வேறு வடிவம்’ அல்லது ‘மூலம்’ என்ற உறவால் அவற்றை இணைக்க வேண்டும். நடைமுறையில் ஆறு பேர் கொண்ட குழுவால் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு பதிவு எழுத முடியாது என்பதை நான் அறிவேன். பெரிய நூலகங்களே அதைச் செய்வதில்லை. ஆகவே வாசகர் எதைத் தேடி வருகிறாரோ அந்த நூலையே பதிவின் பொருளாகக் கொள்ளுங்கள். கோப்பைப் பற்றிய செய்திகளுக்கு மட்டும் ‘ஸ்கேன் செய்தவர்’, ‘ஸ்கேன் செய்த நாள்’, ‘கோப்பின் முகவரி’ என்று பெயரிலேயே கோப்பைச் சுட்டும் மூன்று கூறுகளை வைத்துக்கொள்ளுங்கள். இந்த முடிவைச் சொற்றொகுதியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். எழுதாத முடிவு அடுத்த தன்னார்வலரைச் சென்று சேராது.

இனி பரிதாபிக்கு வருவோம். அறுபது ஆண்டுச் சுழற்சியில் பரிதாபி 46-ஆவது. 1852, 1912, 1972 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் அது தொடங்கியது. ஆவணி என்பதால் ஆங்கில ஆண்டு மாறாது. தை, மாசி என்றிருந்தால் 1853 அல்லது 1913 என்று ஓராண்டு கூட்ட வேண்டியிருக்கும். எழுத்துருவையும் தாளையும் பார்த்து 1972-ஐ நீக்கிவிடலாம். மற்ற இரண்டில் எது என்று அந்த அச்சுக்கூடத்தின் பிற நூல்களைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும். அதுவரை ஒன்றைத் தேர்ந்தெடுத்து உறுதிபோல் எழுதிவிடாதீர்கள். 2019-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 இரண்டாம் பகுதியில் ஐயத்துக்குரிய நாள்களை எழுதும் முறை உள்ளது. [1852,1912] என்று எழுதினால் இவ்விரண்டில் ஏதோ ஒன்று என்று பொருள். நிரலும் அதைப் படிக்கும். முகப்பில் உள்ள ‘பரிதாபி வருஷம் ஆவணி மாதம்’ என்ற சொற்களையும் தனிக் கூற்றில் அப்படியே காத்துவையுங்கள். நூல் தன்னைப் பற்றிச் சொல்வதும் அதிலிருந்து நாம் அறிவதும் வெவ்வேறு செய்திகள்.

12-05-2011 என்பது மே 12-ஆ, டிசம்பர் 5-ஆ? 2011-05-12 என்றே எழுதுங்கள். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

நல்லூர்வாசகி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஏட்டுப்பட்டியலர் ஐயாவின் விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் கூறுகளின் தமிழ்ப் பெயர்களைப் பற்றி எவரும் பேசவில்லையே. கரைவழி சொன்ன குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழில் ‘ஆசிரியர்’ என்ற சொல் நூலை இயற்றியவரையும் இதழின் ஆசிரியரையும் பள்ளியில் கற்பிப்பவரையும் குறிக்கும். ‘பதிப்பு’ என்பது பதிப்பித்தலையும் குறிக்கும், முதற்பதிப்பு இரண்டாம் பதிப்பு என்ற வரிசையையும் குறிக்கும், பழைய முகப்புகளில் வெறும் அச்சிடுதலையும் குறிக்கும். ‘பார்வையிடப்பட்டு’ என்றால் சில நூல்களில் பிழைதிருத்தம். சிலவற்றில் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்த பெரும்பணி. இரு தன்னார்வலர்கள் வெவ்வேறு கட்டங்களில் இட்டதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சீவகசிந்தாமணியின் 1887-ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இயற்றியவர் திருத்தக்கதேவர், உரை நச்சினார்க்கினியருடையது, பதிப்பித்தவர் உ. வே. சாமிநாதையர். ‘உருவாக்குநர்’ யார் என்று கேட்டால் காப்பியத்தை நினைப்பவர் தேவரைச் சொல்வார். அந்த அச்சுநூலை நினைப்பவர் சாமிநாதையரைச் சொல்வார். உரைக்காகவே அதைப் புரட்டும் மாணவருக்கு நச்சினார்க்கினியர்தான் முதலில் நிற்பார். உரையாசிரியரை ஏதோ ஒரு பங்களிப்பாளர் என்று சொல்லிவிட நம் மரபு இடம் தராது. ஆகவே உங்கள் 41-இல் ‘உரையாசிரியர்’ என்ற கூற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள் என்று வேண்டுகிறேன். இதற்குப் புதுச்சொல் படைக்கவும் தேவையில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பராமரிக்கும் பங்காளர் வகைப் பட்டியலில் விளக்கவுரை எழுதியவருக்கும் பதிப்பாசிரியருக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. தமிழ்ப் பெயரை நீங்கள் வைத்துக்கொண்டு, பொருளுக்கு அந்தக் குறியைச் சுட்டலாம்.

தரவுத்தறி

அம்மா சொன்னது மிக முக்கியமானது. ஒரு கூற்றுக்குத் திரையில் தெரியும் பெயர் வேறு, அதன் நிலையான அடையாளம் வேறு. டப்ளின் கோரில் ஒவ்வொரு கூறும் ஒரு வலைமுகவரியால் அடையாளம் பெறுகிறது. அந்த முகவரி மாறாதவரை அதற்கு ‘உருவாக்குநர்’ என்றோ ‘இயற்றியவர்’ என்றோ எந்த மொழியிலும் பெயர் சூட்டலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சொந்தப் பெயர்வெளி (கூறுகளின் முகவரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான முன்பகுதி) தொடங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். எனக்கும் வந்தது. நண்பர்களோடு சேர்ந்து ஒரு சொற்றொகுதியை உருவாக்கி அதற்கெனத் தனித் தளப்பெயர் வாங்கினோம். மூன்றாம் ஆண்டு கட்டணம் கட்டும் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வந்து தளப்பெயர் கைமாறிப் போயிற்று. அதன்பின் எங்கள் பதிவுகளில் இருந்த ஒவ்வொரு கூறும் ஏதோ ஒரு விளம்பரப் பக்கத்தைச் சுட்டிக்கொண்டு நின்றது. பதிவுகளைத் திருத்த ஆறு மாதம் ஆயிற்று. டப்ளின் கோரின் முகவரிகள் பர்ல் என்ற நிலைமுகவரிச் சேவையில் அமைந்தவை. அந்தச் சேவையின் பொறுப்பு 2016-இல் ஓசிஎல்சியிடமிருந்து இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு மாறியபோதும் முகவரிகள் மாறவில்லை. வெளியில் இருக்கும் சொல் பொருந்தும்போது அதையே எடுத்துக்கொள்ளுங்கள்; பொருந்தாத சிலவற்றுக்கு மட்டும் உங்கள் சொல்லைச் சேருங்கள். பல சொற்றொகுதிகளிலிருந்து எடுத்து ஒரு பணிக்கென அமைக்கும் இத்தகைய தொகுப்பைப் ‘பயன்பாட்டு வரைவு’ என்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான்.

ஏட்டுப்பட்டியலர்

தம்பி தரவுத்தறி, பயன்பாட்டு வரைவு என்ற முடிவுக்கு நானும் வருகிறேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு நுணுக்கமான கூறும், அதன் தாய்க்கூறாகச் சுருக்கி வாசித்தாலும் உண்மையாக இருக்க வேண்டும். ‘உரையாசிரியர்: நச்சினார்க்கினியர்’ என்பதைச் சுருக்கினால் ‘பங்களிப்பாளர்: நச்சினார்க்கினியர்’ என்று வரும், சிறப்புக் குறைகிறது, ஆயினும் பொய்யில்லை. ‘ஸ்கேன் செய்த நாள்’ என்பதை நூலின் ‘நாள்’ என்று சுருக்கினால் நீங்கள் முன்பு சொன்ன 2009 குழப்பமே மீண்டும் வரும். ஆகவே அது நாளின் கீழ் வரக்கூடாது, தனியே நிற்கவேண்டும். கரைவழியின் பட்டியலில் ‘ஆசிரியரின் ஊர்’ உருவாக்குநரின் உட்கூறாக இருக்குமானால், அதைச் சுருக்கும்போது ‘உருவாக்குநர்: திருநெல்வேலி’ என்றாகிவிடும். ஊர் என்பது ஆளைப் பற்றிய செய்தி. ஆளுக்குத் தனிப் பதிவு வைத்து அதில் எழுதுங்கள்.

தரவுத்தறி

ஆள்களுக்குத் தனிப் பதிவு என்பதை வழிமொழிகிறேன். 2008-இல் டப்ளின் கோரின் புதிய பெயர்வெளியில், உருவாக்குநர் என்பதன் மதிப்பு வெறும் பெயர்ச்சரமாக இல்லாமல் ஒரு ‘செயலாளி’யை, அதாவது ஓர் ஆளையோ நிறுவனத்தையோ, சுட்டவேண்டும் என்று வரையறுத்தார்கள். பழைய பெயர்வெளியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டும் ஒரே சொல் என்று எண்ணிக் கலந்து எழுதியவர்கள் பலர். 2020 திருத்தத்தில் அது தளர்ந்து, முகவரி தருவது நல்லது, இயலாவிட்டால் பெயரை எழுதலாம் என்றாகிவிட்டது. தமிழுக்கு முகவரி தருவதே பாதுகாப்பு. உ. வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா., உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் சாமிநாதையர் என்று நால்வராகக் கணினி எண்ணாதிருக்க வேறு வழியில்லை. முன்னெழுத்தைக் குடும்பப் பெயராக எண்ணித் திருப்பிப் போடும் படிவங்களும் நம் பெயர்களைச் சிதைக்கின்றன. பெயரை ஒரே கட்டத்தில், நூலில் உள்ளபடி எழுதுங்கள்.

புதியவாசகர்

இடையில் ஒரு கேள்வி. 2011-இல் கூகுள், பிங், யாஹூ ஆகியவை சேர்ந்து தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் என்ற சொற்றொகுதி இருக்கும்போது 1995-ஆம் ஆண்டுச் சொற்றொகுதியைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா? தேடுபொறிகள் படிப்பது அதைத்தானே?

தரவுத்தறி

இரண்டுக்கும் பணி வேறு. தேடல் முடிவுகளில் கடைகள், சமையல் குறிப்புகள், நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பற்றிய விவரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக வளர்ந்தது ஸ்கீமா.ஆர்க். நூலகங்கள் ஒன்றோடொன்று பதிவுகளைப் பரிமாறிக்கொள்ள டப்ளின் கோர் பொதுமொழியாக இருக்கிறது. பதிவு ஒழுங்காக இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றை நிரல் உருவாக்கித் தரும். தேடுபொறிக்காகவே மீதரவு எழுதினால் என்ன நேரும் என்பதற்கு வலைப்பக்கங்களின் ‘திறவுச்சொற்கள்’ குறியே சான்று. பக்கத்தில் இல்லாத சொற்களையெல்லாம் தள உரிமையாளர்கள் அதில் திணித்தார்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இல் கூகுள் வெளிப்படையாகவே அறிவித்தது.

நல்லூர்வாசகி

மொழி, உரிமை ஆகிய இரு கூறுகளைப் பற்றியும் ஒரு சொல். மொழிக்கூற்றில் ‘தமிழ்’ என்று எழுதாமல் ஐஎஸ்ஓ மொழிக்குறியை எழுதுங்கள். மணிப்பிரவாள நூலானால் வடமொழிக்கும் சேர்த்து இரண்டு குறி இடலாம். அரபு எழுத்தில் அச்சான தமிழ் நூல்கள் இலங்கையிலும் தமிழகத்திலும் உண்டு. தமிழின் மொழிக்குறியோடு அரபு எழுத்துமுறைக்கான குறியைச் சேர்த்தால் அவை தனியே இனங்காணப்படும். இல்லாவிட்டால் அரபு நூல்களோடு போய்க் கலந்துவிடும்.

உரிமைக்கூற்றில் ‘பொதுவுரிமை’ என்று மட்டும் எழுதினால் போதாது. இந்தியச் சட்டப்படி நூலாசிரியர் இறந்து 60 ஆண்டுகள். இலங்கைச் சட்டப்படி 70. எந்த நாட்டுச் சட்டப்படி என்பதையும், ஆசிரியர் இறந்த ஆண்டு தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

கரைவழி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரமாக நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். 41 கூறுகளை 17 ஆக்கியிருக்கிறோம். அவற்றில் 12 டப்ளின் கோரிலிருந்தும் 2 காங்கிரஸ் நூலகப் பட்டியலிலிருந்தும் எடுத்தவை. ‘முகப்பில் உள்ளபடி நாள்’, ‘ஸ்கேன் செய்தவர்’, ‘ஸ்கேன் செய்த நாள்’ என்ற மூன்று மட்டும் எங்களுடையவை. ஆள்களுக்கும் அச்சுக்கூடங்களுக்கும் தனிப் பதிவு தொடங்கிவிட்டோம். அச்சுக்கூடத்தின் தெரு அங்கே போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொரு கூற்றுக்கும் வரையறை எழுதும்போது ஒரு முறையைக் கடைப்பிடித்தோம். முதலில் ஒருவர் வரையறையை எழுதுவார். கூட்டத்தில் இல்லாத இருவர் அதை மட்டும் படித்துவிட்டு ஒரே முகப்பைப் பதிவு செய்வார்கள். இருவர் பதிவும் ஒத்துவந்தால்தான் வரையறை நிற்கும். ‘பதிப்பாசிரியர்’ மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டது. முதலில் ‘நூலைப் பதிப்பித்தவர்’ என்று எழுதியிருந்தோம். இருவரில் ஒருவர் அச்சுக்கூட உரிமையாளரை இட்டார். இப்போது நிற்கும் வரையறை இது: “நூலின் பாடத்தை ஆராய்ந்தோ ஒப்பிட்டோ திருத்தியோ அச்சுக்கு ஆயத்தம் செய்தவர். முகப்பில் ‘பரிசோதித்து’, ‘பார்வையிட்டு’ என்ற சொற்களோடு வரும் பெயரை இங்கே இடுக. ‘அச்சுக்கூடத்தில்’ என்ற சொல்லை ஒட்டி வரும் பெயரை இங்கே இடற்க.”

அந்தத் தலவரலாற்று நூலின் பதிவையும் திருத்திவிட்டோம். அதே அச்சுக்கூடத்தில் கிறித்தவ ஆண்டோடு அச்சான வேறு நூல் எதையேனும் எவரேனும் கண்டால் தெரிவியுங்கள். அதுவரை அதன் நாள் [1852,1912] என்றே இருக்கும்.

ஒலிப்பதிவுகளைத்தான் இன்னும் தொடவில்லை. நடவுப்பாட்டு ஒன்றில் ஒருவர் எடுத்துக்கொடுக்க எட்டுப் பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். பாதியில் எடுத்துக்கொடுப்பவர் மாறுகிறார். பாடலை இயற்றியவர் என்று எவரும் இல்லை. ஒலிப்பதிவு செய்தவரின் பெயர் மட்டுமே கோப்பில் இருக்கிறது. பாடியவர்களின் பெயரைக் கேட்டு எழுத அந்த ஊருக்கு அடுத்த வாரம் இருவர் போகிறோம். அவர்களை எந்தக் கூற்றின் கீழ் எழுதுவது என்பதைத் திரும்பி வந்ததும் இதே இழையில் கேட்கிறேன்.